சரிவில் நின்ற வண்டி

குன்வோரின் வண்டியில் ஃப்ரிட்ஜ் எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது. அந்தப் பழைய ரக ஃப்ரிட்ஜில் மோட்டார் கிடையாது. பின்பக்கம் கேஸில் ஒரு சின்ன நீல நெருப்பு எரியும். அந்தச் சூட்டை வைத்துத்தான் உள்ளே குளிர் உண்டாகும். உறுமாது, முனகாது. ஓடும்போதும் சத்தமில்லை, நின்ற பிறகும் சத்தமில்லை. காலையில் காபிக்குப் பால் எடுக்கப் போனவருக்குக் காலில் ஏதோ பிசுபிசுத்திருக்கிறது. குனிந்து பார்த்தால் ஆரஞ்சு நிறச் சாறு. மேலே உறைபெட்டியில் கிளம்பி, கதவிடுக்கில் வழிந்து, தரையோடு ஓட்டுநர் இருக்கைவரை ஓடியிருந்தது.

எங்கள் ஸ்கார்விக் துறைமுகத்தில் மீன் கிடங்கை ஒட்டி வீட்டு வண்டிகள் நிற்க இடம் விட்டிருக்கிறோம். கோடை முழுக்க ஜெர்மன்காரர்களும் டச்சுக்காரர்களும் வரிசை கட்டி நிற்பார்கள். செப்டம்பர் பிறந்ததும் கூட்டம் கலைந்துவிடும். அந்த செப்டம்பரில் மிஞ்சி நின்றது குன்வோரின் வெள்ளை வண்டி ஒன்றுதான். படுக்கை, அடுப்பு, கழிப்பறை, ஜன்னலுக்கு எம்பிராய்டரி போட்ட திரை என்று ஒரு வீட்டையே அதற்குள் அடக்கி வைத்திருந்தார்.

அவரை இந்தக் கடற்கரையில் தெரியாதவர்கள் கிடையாது. இங்கிருந்து அக்கரை ஹெல்நெஸுக்குக் கார்களை ஏற்றிப் போகும் படகில் முப்பது வருடம் சமையல் பார்த்தவர். அவர் கையால் சுட்ட தடித்த அப்பத்தை வெண்ணெயும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்துத் தின்னாமல் எங்கள் பக்கம் ஒருவரும் வளரவில்லை. புருஷன் பிரிந்து போய்விட, எய்விந் என்ற ஒரே மகனைத் தனியாக வளர்த்தார். அவன் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே படகுக்கு வந்துவிடுவான். சமையல்கட்டுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, அம்மாவின் வேலை முடியும்வரை இரண்டு கரைக்கும் போய் வந்துகொண்டே வீட்டுப்பாடம் எழுதுவான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் அவர் இங்கே மேட்டில் இருந்த தன் வீட்டை விற்று இந்த வண்டியை வாங்கினார். அக்கரையில் குடியிருந்த மகனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் தடுப்பான் என்று நினைத்தாரோ என்னவோ. வீடு விற்பனைக்கு வந்ததை எய்விந் இணையத்தில் விளம்பரம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். அப்போது போனில் அவன் கத்தவில்லை. ஒன்றே ஒன்று கேட்டான் என்று பிற்பாடு குன்வோரே என்னிடம் சொன்னார்: “கிறிஸ்மஸுக்கு நான் எந்த பார்க்கிங்குக்கு வரணும்மா?” அதற்குப் பிறகு இரண்டு கிறிஸ்மஸ் போய்விட்டது. இருவருமே போனை எடுக்கவில்லை.

ஃப்ரிட்ஜ் விஷயத்துக்கு நான் வந்து சேர்ந்தது என் அப்பா தூர்லெய்ஃப் புண்ணியத்தில். நான் அப்போதுதான் ட்ரோன்ட்ஹைம் பல்கலைக்கழகத்தில் எரிசக்திப் பொறியியல் முடித்துவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அதில் எனக்குப் பெருமைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். அப்பாவுக்கோ துறைமுகம் கொள்ளாத பெருமை. யார் வீட்டு டோஸ்டர் கெட்டாலும் என்னிடம் அனுப்பிவிடுவார். அன்று காலை வலையை உதறிக்கொண்டே, “டேய், குன்வோர் ஃப்ரிட்ஜ் படுத்துக்கிச்சாம். போய்ப் பாரு. ஒண்ணும் புரியலன்னா வெளிய எடுத்துத் தலைகீழா நிறுத்திப் பாரு, எல்லாரும் அதத்தான் செய்யறாங்க,” என்றார்.

நான் போனபோது குன்வோர் முட்டி போட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேஜைமேல் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா. ஒரு காலத்தில் படகில் ஐஸ்கிரீம் வந்த டப்பா. அதன் நிறைய மல்ட்டே பழம். மலைச் சதுப்பில் ஆகஸ்டில் காய்க்குமே, அந்த ஆரஞ்சுப் பழம். உறைந்து கல்லாக இருக்க வேண்டியது சாறு விட்டு மிதந்துகொண்டிருந்தது.

அப்பாவின் கிடங்கில் பெரிய உறைபெட்டி இருக்கிறது, அதில் வைத்துவிடலாம் என்றேன்.

அவர் துணியைப் பிழிந்தபடி நிமிர்ந்து பார்த்தார். “உருகின பழத்தத் திரும்ப உறைய வைக்கிறதா? அதுவும் மீனுக்கு நடுவுல? தூர்லெய்ஃப் மகனே, அஞ்சு வருஷம் அங்க என்னதான் சொல்லிக் குடுத்தாங்க உனக்கு?”

நான் ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தைப் பார்த்தேன். நெருப்பு நன்றாகத்தான் எரிந்தது. குழாயும் சூடாகத்தான் இருந்தது. கோளாறு நெருப்பில் இல்லை. வண்டிக்குள் நுழைந்ததிலிருந்து நானே ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். அது அப்போதுதான் உறைத்தது. இந்த ரகத்துக்குள் இருக்கும் அமோனியாத் தண்ணீர் தானாக இறங்கித் தானாக ஓட வேண்டும். வண்டி சரிந்து நின்றால் அது வழியில் தேங்கிவிடும். கொஞ்ச நாள் மெல்ல மெல்லக் குளிர் குறையும், அப்புறம் நின்றுவிடும். இப்படி வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு ஊருக்குள் நுழைந்ததும் முதலில் செய்கிற காரியம் சமதரை தேடுவதுதான். அது கிடைக்காவிட்டால் சக்கரத்துக்கு அடியில் ஆப்பு வைத்துச் சரி செய்வார்கள்.

ஆப்பு இருக்கிறதா என்று கேட்டேன். கட்டிலுக்கு அடியில் என்று கையைக் காட்டினார். இழுத்துப் பார்த்தால் மஞ்சள் ஆப்புகள் நான்கும் பைக்குள் சுத்தமாக அடுக்கியபடி இருந்தன. மட்டம் பார்க்கும் கருவியும் கூடவே இருந்தது. நிறுத்துமிடம் முழுக்கச் சமதரை காலியாகக் கிடக்க, படகு இறக்கும் சரிவில் முகத்தைத் தாழ்த்திக்கொண்டு நின்றிருந்தது இந்த ஒரு வண்டி.

“குன்வோர், இது சாஞ்சு நிக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

நான் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன், வண்டியை எடுத்துச் சமதரையில் விடலாம் என்றுதான். முன்கண்ணாடி வழியே பார்த்ததும் புரிந்துவிட்டது. சமதரையில் எங்கே நின்றாலும் பழைய படகுக் கொட்டகையின் சுவர் மறைக்கும். இந்தச் சரிவில் நின்றால் மட்டும்தான் கொட்டகையைத் தாண்டி நீர்ப்பரப்பு தெரியும், அக்கரை தெரியும், அக்கரை மேட்டில் ஒரு மஞ்சள் வீடு தெரியும். எய்விந்தின் வீடு. கண்ணாடிக்குக் கீழே காபிக் கோப்பையின் வட்டக் கறைகள், ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்திருந்தன.

“சாயங்காலம் ஆனா சமையல்கட்டுல லைட் போடறான்,” என்றார் பின்னாலிருந்து. “ஒரு நாள் தவறல.”

அப்புறம் பழத்தைப் பற்றிச் சொன்னார். மல்ட்டே பறிக்கும் இடத்தை எங்கள் பக்கம் யாரும் யாருக்கும் சொல்லமாட்டார்கள். கட்டின பெண்டாட்டிக்கும் சொல்லாமல் செத்தவர்கள் உண்டு. குன்வோர் தன் இடத்தை மகனுக்கு மட்டும் காட்டியிருந்தார். சதுப்புக்கு நடுவே ஒரு வாய்க்கால். அதற்கு இந்தப் பக்கம் அம்மாவுக்கு, அந்தப் பக்கம் மகனுக்கு. பேச்சு நின்றுபோன பிறகும் போன வருஷம்கூட அவன் வந்து தன் பக்கத்தைப் பறித்துவிட்டுப் போயிருந்தான். மிதித்த தடம் இருந்ததாம். இந்த ஆகஸ்டில் அவர் போனபோது அவன் பக்கம் அப்படியே இருந்தது. தடமில்லை. பழம் கனிந்து, தொட்டால் உதிரும் பதத்தில் நின்றது.

“எனக்குன்னு விட்டிருக்கான்,” என்றார். “வாயால சொல்ல மாட்டான். அவன் அப்படித்தான்.”

டப்பாவில் இருந்தது முழுக்க அவன் பக்கத்துப் பழம். கிறிஸ்மஸ் வந்தால் கிரீமில் கலந்து, அக்கரைக்குக் கொண்டு போய்க் கொடுப்பது என்று முடிவு கட்டியிருந்தார். அதுவரை உறைந்திருந்தால் போதும், அவருக்கும் அதுவரை அவகாசம் இருக்கும். இப்போது பழத்துக்கு இருப்பது ஒரு நாளோ ஒன்றரை நாளோதான்.

படகு இன்னும் கொஞ்ச நேரத்தில் கிளம்பும் என்றேன். அவர் கையைக் கழுவினார், தலையை வாரினார், நல்ல கோட்டை எடுத்து மாட்டினார். கதவருகே போனவர் நின்றுவிட்டார்.

“நீயும் வாயேன். டப்பா கனக்குது.”

இரண்டு கிலோகூட இருக்காது. நான் வாங்கிக்கொண்டேன்.

படகில் அவருடைய சமையல்கட்டு இருந்த இடத்தில் இப்போது காபி மெஷின் நிற்கிறது. டிக்கெட் பார்க்கிற ஆள் அவரைக் கண்டதும் முகம் மலர்ந்து, அப்பம் எங்கே குன்வோர் என்று கேட்டான். மெஷினைக் கேளு, அது சுட்டுத் தரும் என்றார். அந்தப் படகில் அவர் பயணியாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எந்த இருக்கையில் உட்காருவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். கடைசியில் எய்விந் வீட்டுப்பாடம் எழுதிய அந்த மேஜைக்கே போனார். வழியெல்லாம் டப்பாவின் மூடியைக் கையால் அழுத்திப் பிடித்தபடி இருந்தார்.

மஞ்சள் வீட்டு வாசலில் செருப்பு, சைக்கிள் எதுவும் இல்லை. மணி அடித்தோம். மறுபடி அடித்தோம். கீழ்வீட்டிலிருந்து ஒரு பெண்மணி ரப்பர் பூட்ஸ் போட்டபடி மேலே ஏறி வந்தார். ஆடு வளர்க்கிறவர், சூல்ஃப்ரிட் என்று பெயர் சொன்னார். குன்வோரை அடையாளம் கண்டுகொண்டவர், கண்டதும் சங்கடப்பட்டார்.

“எய்விந் டென்மார்க் போய்ட்டானே,” என்றார். “ஜூன்லயே. அவன் பொண்டாட்டி ஊருக்கு. ரெண்டு வருஷம் அங்க வேலை.” கொஞ்சம் நிறுத்தி, “உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னுதான்...” என்று இழுத்தார்.

குன்வோர் வீட்டை நிமிர்ந்து பார்த்தார். “சாயங்காலம் லைட் எரியுதே.”

“அது தானா எரியும். டைமர் வச்சிருக்கு. வீடு இருட்டாக் கெடக்க வேணாம்னு அவன்தான் சொல்லிட்டுப் போனான்.”

கீழே ஓர் ஆட்டின் கழுத்துமணி மட்டும் ஆடியது. பிறகு சூல்ஃப்ரிட், உள்ளே வந்து ஒரு காபி சாப்பிடுங்களேன் என்றார். படகுக்கு நேரமாகிவிட்டது என்றார் குன்வோர். படகு அப்போதுதான் எதிர்க்கரைக்குக் கிளம்பியிருந்தது, அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

“அவன் நம்பர் தரட்டுமா?” என்று கேட்டார் சூல்ஃப்ரிட்.

“அவன் நம்பர் எங்கிட்ட இருக்கு.”

துறையில் காற்று பலமாக அடித்தது. காத்திருக்கும் கூண்டுக்குள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் பார்க்கிங் பற்றி மகன் கேட்டதை என்னிடம் சொன்னார். அழவில்லை. அப்படியானால் அந்தப் பழம் தனக்காக விட்டது இல்லை என்றார், யாரோ தவறாகப் போட்ட கூட்டலைத் திருத்துகிற மாதிரி. நான் படித்த படிப்பில் அதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

எங்கள் கரைக்கு வந்ததும் அப்பா எங்களைப் பார்த்துவிட்டு வலையைக் கீழே போட்டார். அன்று சாயங்காலம் அவரிடம் கேட்டேன். எய்விந் போனது படகுக்காரர்களுக்கெல்லாம் தெரியும், அவருக்கும் தெரியும். “பெத்தவளுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன்,” என்றார். எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். மற்றவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது எங்கள் ஊர்ப் பழக்கமில்லை.

வண்டியை நான்தான் சரிவிலிருந்து எடுத்துக் கொட்டகைக்குப் பின்னால் விட்டேன். ஆப்பு வைத்து, மட்டக்குழாயில் குமிழி நடுவில் வரும்வரை நகர்த்தினேன். ஃப்ரிட்ஜை ஒரு ராத்திரி அணைத்து வைத்து, மறுநாள் பற்றவைக்கலாம், பிழைத்தால் பிழைக்கும் என்றேன். முன்கண்ணாடி நிறைய இப்போது தார் பூசிய மரச்சுவர். அவர் அதைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் பற்றவைத்துவிட்டு வந்தேன். மாலையில் போனபோது அவர் ஃப்ரிட்ஜுக்குள் கையை விட்டு உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் பழமெல்லாம் சர்க்கரையில் கிளறி ஜாடிகளில் நிரம்பியிருந்தது. டப்பா கழுவிக் கவிழ்த்திருந்தது.

“வா, கைய வை,” என்றார்.

வைத்தேன். உறைபெட்டியின் உலோகத் தகடு சில்லென்று இருந்தது. சத்தம் மட்டும் கிடையாது.

“காதுக்குத் தெரியாது பாரு,” என்றார். “கைய வச்சாத்தான் தெரியும். நான்தான் வச்சுப் பாக்கல.”

கிளம்பும்போது எனக்கு ஒரு ஜாடி கொடுத்தார். வெளியே வந்து ஆப்புகள் நழுவாமல் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே அவர் யாரிடமோ பேசுவது கேட்டது. நடுவில் நிறுத்தாமல், பதிலுக்குக் காத்திராமல் பேசினார். பதிவு செய்கிற எந்திரத்திடம் அப்படித்தான் பேசுவோம். அம்மா பேசறேன் என்று அவர் ஆரம்பிக்கவில்லை.

“நான் குன்வோர். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ரொம்பக் கனிஞ்சுபோச்சு எய்விந். நான் பறிச்சுட்டேன். வீணாப் போக வேணாம்னு. ஜாடியில இருக்கு, கெடாது.” ஒரு ஜாடியை நகர்த்துகிற சத்தம். “இப்ப ஸ்கார்விக்லதான் நிக்கறேன். கொட்டகைக்குப் பின்னால. சமதரையிலதான்.”