நனையாத தாள்

என் பிழையை மறைக்க ஓர் அப்பாவி மீது பழி போட்டேன். வெள்ளவத்தை வீட்டில் துணி தேய்க்கும் நீராவி அயனை எடுக்கும்போதெல்லாம் அந்தக் காலை நினைவுக்கு வருகிறது.

நான் வேலை பார்த்த தடயவியல் ஆய்வுகூடத்தில், தாளில் பதிந்த கண்ணுக்குத் தெரியாத கைரேகையை நின்ஹைட்ரின் என்ற மருந்தைத் தெளித்து எடுப்போம். விரல் வியர்வையோடு சேர்ந்து அது ஊதாவாகும். நீராவி காட்டினால் விரைவில் தெரியும். தெளிக்குமுன் எழுத்தைப் படம்பிடிக்க வேண்டும். பொதி சுற்றிய தாளொன்றில், அவசரத்தில், அதை மறந்தேன். அசற்றோன் திரவத்தில் கரைத்த மருந்து பட்டதும் முகவரியின் மை கலங்கி ஓடியது. வழக்குக்கு வேண்டியிருந்ததே அந்தக் கையெழுத்துத்தான்.

அன்று மழை. பொரளையிலிருந்து தாளைக் கொண்டுவந்தவர் எங்கள் உதவியாளர், கொட்டாஞ்சேனையில் குடியிருந்த மலையகத்துக்காரர். “நனைஞ்சுதான் வந்தது” என்றேன் மேலதிகாரியிடம்.

“சட்டைக்குள்ளதானே சேர் வச்சுக் கொண்டாந்தேன்” என்று அவர் என் முகத்தையே பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

பழுதென்று ஒதுக்கிய தாள் என் அலுமாரியில் கிடந்தது. நனைந்த தாளில் வியர்வை கழுவுண்டு போய்விடும், நிறம் வராது. இதிலோ காலைக்குக் காலை ஊதா விரல்கள் துலங்கி எழுந்தன. விஷயம் தெரிந்த ஒருவர் அலுமாரியைத் திறந்தால் போதும். காலடி கேட்டாலே வியர்த்தேன். யாரும் திறக்கவில்லை. உதவியாளரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கொச்சிக்கடையில் மூட்டை சுமந்தார்.

சென்ற மாதம் அவரைத் தேடிப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“விடுங்க சேர், என் மனசு ஆறணும்னு சொல்றீங்க. அன்னிக்குச் சட்டையே தொப்பலா நனைஞ்சிருந்துச்சு. நான்தான் நனைச்சிருப்பேன். ‘ஒரு தாளக் கொண்டுபோய்க் குடுக்கத் துப்பில்ல’ன்னு சாகிற வரைக்கும் எம் பொண்டாட்டி திட்டுனா.”

என் பொய்யை அவரே நம்பியிருந்தார்.

மறுவாரம் மருந்தும் அயனுமாகப் போனேன். இரண்டு தாள்களில் அவருடைய பெருவிரலைப் பதிக்கச் சொன்னேன். ஒன்றை நனைத்து உலர்த்தினேன். இரண்டிலும் தெளித்து, ஜன்னலருகே நீராவி காட்டினேன். நனைந்தது வெறுமையாகவே கிடந்தது. மற்றதில், மூட்டைகள் தேய்த்த அந்த ரேகை ஊதாவாக எழுந்தது.

“அன்னிக்கும் இப்படித்தான் வந்துச்சா?”

“ஓம்.”

அவர் அந்த ரேகையின் மேல் பெருவிரலை வைத்துப் பார்த்தார்.

“இத அவகிட்ட யாரு சேர் சொல்றது?” என்றார். பிறகு எழுந்து, நான் போகக் கதவைத் திறந்துவிட்டார்.

அயனைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். அவர் வீட்டில் மருந்தைத் தெளிக்கும்போது கையுறை போட மறந்திருக்கிறேன். விரல்களில் ஊதாக் கறை இன்னும் போகவில்லை.