மயில் கழுத்து மெஷின்

என் மேசை இழுப்பறையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டுத் துண்டு கிடக்கிறது. மயில் கழுத்துக் கலர். நேரே பிடித்தால் பச்சை, கொஞ்சம் சாய்த்தால் நீலம். இதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் என் முட்டாள்தனத்துக்கு ஒரு வடிவம் கிடைத்த மாதிரி இருக்கும். இரும்பில் செய்த கணக்கு மெஷினுக்கு இதே கலரில் பெயிண்ட் அடித்துக்கொண்டு வா என்று இந்தத் துண்டின் மறுபாதியைக் கொடுத்து ஒரு பெயிண்டரை அனுப்பிய அறிவாளி நான்தான். காஞ்சிபுரத்தில் பிறந்து, பட்டு நெய்கிற வீட்டில் வளர்ந்து, பட்டுக் கடையிலேயே வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவனுக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும். வேறு ஊர்க்காரனுக்கு இவ்வளவு கலர் ஞானமும் கிடையாது, இவ்வளவு மடத்தனமும் கிடையாது.

எழுபதுகளின் தொடக்கம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் வாங்க வருகிறவர்களுக்குப் புடவையை விரித்துக் காட்டி மடிக்கிற வேலையில் நான் இருந்தேன். வியாபாரம் பேச வாய் வேண்டும். எனக்கு அது மட்டும் நிறைய இருந்தது. அதே சங்கத்தில் என் அக்காவும் தற்காலிகமாக வேலைக்குச் சேர்ந்தாள். நெசவாளர்கள் சங்கத்தில் பட்டும் சரிகையும் எடை போட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். வீட்டில் நெய்து, புடவையை எடை போட்டுத் திருப்பித் தருவார்கள். ஒவ்வொரு தறிக்கும் போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்கிற எடைக் கணக்கு எப்போதும் பின்தங்கியே இருந்தது. அதற்காக மதராஸிலிருந்து ஒரு மெஷின் வாங்கினார்கள். மேசை மேல் வைத்து, எண்களைத் திருப்பி, கைப்பிடியைச் சுற்றினால் கூட்டிக் கழித்துப் பெருக்கித் தரும் மெஷின். அதை ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தவள் அக்கா. சங்கத்து உறுப்பினர்கள் எல்லாரும் கூடுகிற அந்த வருஷத்து மகாசபைக்கு முன்னால் எடைக் கணக்கை மெஷினில் போட்டுக் காட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மெஷினும் திரும்பிப் போகும், அக்காவும் வீட்டுக்குப் போவாள். வீட்டில் அவளுக்காகப் பக்கத்து ஏரிக்கரை ஊரான தாமலில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்துக்கொண்டு அப்பா காத்திருந்தார். “ஏரித் தண்ணி மாதிரி பையன், அலையே இருக்காது” என்பார். அக்காவோ, “அலையே இல்லாத தண்ணில பாசிதான்பா பிடிக்கும்” என்பாள். வேலை நிரந்தரமானால் கல்யாணத்தை அவள் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம் என்று அப்பாவிடம் வாக்கு வாங்கியிருந்தாள். ஆகவே மெஷின் வந்து இறங்கிய அன்று எங்கள் வீட்டில் அவளைவிடச் சந்தோஷமானவர் யாரும் இல்லை.

பலகைப் பெட்டியின் மூடியை எடுத்துப் பார்த்த சங்கத் தலைவர் சட்டென்று அதை மூடிவிட்டார். மெஷின் கன்னங்கரேலென்று இருந்தது.

“இன்னாய்யா இது, எருமைக் கன்னுக்குட்டி மாதிரி? முகூர்த்தப் பட்டு எடுக்க வர்றவன் கண்ணுல முதல்ல இதுவா படணும்? அப்படியே திரும்பிப் போய் பஸ் ஏறிடுவான்!”

அவர் சொன்னதில் ஊர் நியாயம் இருந்தது. கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் முன்னால் கறுப்பை விரிக்கவே மாட்டோம். மெஷினோ விற்பனைக் கூடத்திலேயேதான் இருக்க வேண்டும். வேறு இடம் இல்லை. “போன் கூட கறுப்புதானேங்க” என்றேன் நான். தலைவர் என்னைப் பார்த்தார். “அதனாலதான்டா அதுல நல்ல சேதியே வர மாட்டேங்குது” என்றார்.

பெயிண்ட் அடித்துவிடலாம் என்று முடிவானது. என்ன கலர் என்பதில்தான் சங்கம் இரண்டானது. தலைவருக்கு அரக்கு. அரக்கு இல்லாத கல்யாணம் உண்டா என்பார். உபதலைவருக்கு மாம்பழ மஞ்சள். மெஷின் வாங்குவதே அவருக்குப் பிடிக்கவில்லை. அதைவிட, கூடத்தின் நடுவில் ஒரு பெண் உட்கார்ந்து தறிக்காரர்கள் கணக்கைப் பார்க்கப் போகிறாள் என்பது சுத்தமாகப் பிடிக்கவில்லை. அதை வெளியே சொல்ல முடியாததால் மாம்பழ மஞ்சளை விடாமல் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் ஆனால் நெசவாளர்கள் வந்து கூடுவார்கள். கிளிப்பச்சை, வாடாமல்லி, கத்தரிப்பூ, வெங்காயத் தோல் என்று இந்த ஊர் சாயத்தொட்டியில் இறங்கிய எல்லாக் கலரும் அந்தக் கூடத்தில் பேசப்பட்டது. புடவை எடுக்க வந்த ஒரு அம்மாள் கூட, “தேன் கலர் அடிங்கப்பா, அழுக்கு தெரியாது” என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லாரையும்விட அதிகமாகப் பேசியவன் நான். கழுத்து நரம்பு புடைக்க நான் வாதாடியது வாழ்க்கையிலேயே அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

பூட்டிய பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மகாசபை நெருங்கிக்கொண்டிருந்தது. “பெட்டியைத் தொறந்து குடுங்கண்ணா, ஒரு மூலையில வெச்சு ஓட்டிக்கினு இருக்கேன். கலரை நீங்க மெதுவா பேசுங்க” என்று தலைவரிடம் கேட்டாள்.

“பூஜை போடாம மெஷினைத் தொடறதாமா?”

“அப்ப பூஜை போட்டுடுங்க.”

“கறுப்பா இருக்கறப்ப எப்படிம்மா மஞ்சள் குங்குமம் வெக்கறது? பெயிண்ட் அடிச்சப்புறம்தான் பூஜை.”

கலர் முடிவாகாமல் பெயிண்ட் இல்லை. பெயிண்ட் இல்லாமல் பூஜை இல்லை. பூஜை இல்லாமல் அக்காவுக்கு வேலை இல்லை. அந்த முடிச்சை அவிழ்க்கிறேன் பேர்வழி என்று நான் எழுந்தேன். அரக்கும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம், உடம்புக்கு மயில் கழுத்து. தலைவருக்காக அடியில் அரக்கு பார்டர். உபதலைவருக்காகக் கைப்பிடிக்கு மாம்பழ மஞ்சள் என்றேன். கூடமே தலையாட்டியது. தலைவர் என் முதுகில் தட்டினார். வெட்டுத் துணியிலிருந்து ஒரு மயில் கழுத்துத் துண்டைக் கிழித்தேன். பாதியை நானே வைத்துக்கொண்டு, மறுபாதியை மெஷினோடு சைக்கிள் கடைப் பெயிண்டரிடம் கொடுத்து, “அப்படியே இதே மாதிரி வரணும்பா” என்றேன். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கேட்கிற நிலைமையில் இல்லை.

மகாசபைக்கு முதல் நாள் மெஷின் வந்தது. முன்பக்கம் முழுக்கப் பச்சை. இரண்டு பக்கமும் நீலம். அடியில் அரக்கு. கைப்பிடி மஞ்சள். பாரதக் கூத்தில் ராஜா வேஷம் கட்டினவன் வேஷத்தோடு எங்கள் மேசையில் ஏறி உட்கார்ந்துவிட்டது போல இருந்தது. நாங்கள் கத்தினோம். பெயிண்டர் அசையவில்லை. துண்டை எடுத்துப் பிடித்துக் காட்டினார்.

“இப்படிப் பார்த்தா பச்சையா இருக்குது. அப்படிப் பார்த்தா நீலமா இருக்குது. அதான் இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் நீலம். நான் இன்னா தப்பு செஞ்சேன் சொல்லுங்க?”

 நீளவாக்கில் போகிற பாவு நூல் ஒரு கலர், குறுக்கே ஓடுகிற ஊடை நூல் ஒரு கலர். இரண்டும் பின்னிக்கொள்வதால்தான் மயில் கழுத்து. அதைத் தினம் நெய்கிற அத்தனை பேர் கூடியிருந்தோம். எங்களுக்குக் கலர் என்றாலே நூல்தான். நூல் இல்லாத இடத்திலும் கலர் உண்டு என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. “இரும்புக்கு ஏதுடா பாவும் ஊடையும்?” என்றாள் அக்கா, என்னிடம் மட்டும். பிறகுதான் அவள் மெஷினைக் கிட்டத்தில் பார்த்தாள். அவள் முகம் மாறியது. பெயிண்டர் ஆசையாக எண்களின் மேலும் சேர்த்து அடித்திருந்தார். மெஷினில் ஒரு எண் கூடத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் தலைவர் அவசரமாகக் கற்பூரம் காட்டியதும், அக்கா மெஷினைச் சங்கத்தின் பின்கட்டுக்குத் தூக்கிவரச் சொன்னாள். மண்ணெண்ணெய் நனைத்த துணியாலும் தலைக் கொண்டை ஊசியாலும் ஒவ்வொரு எண்ணாகச் சுரண்டி எடுத்தாள். நான் புட்டியைப் பிடித்துக்கொண்டு, “இந்த நீலத்தை மட்டும் கொஞ்சம்...” என்று ஆரம்பித்தேன்.

“கலரைப் பத்தி இன்னொரு வார்த்தை வந்துது, இதே துணியால உன் வாயைத் துடைச்சிடுவேன்.”

துடைத்திருப்பாள். அவள் கண் கலங்கியிருந்தது. மண்ணெண்ணெய் நெடி என்று அன்றைக்கு நான் நினைத்துக்கொண்டேன்.

மகாசபையில் உட்கார இடமில்லை. மெஷினைப் பார்த்ததும் சிரிப்பு கிளம்பி, சிரிப்பிலிருந்து பழைய சண்டை கிளம்பியது. உபதலைவர் எழுந்தார். “ஒரு மெஷினுக்குக் கலர் முடிவு பண்ண முடியல, அதை ஓட்ட ஒரு ஆள் வேற. ரெண்டையும் அனுப்பிடலாம்னு நான் சொல்றேன்” என்றார். கைகள் தூக்கப்படுவதற்குள் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தறிக் கணக்கைப் போட்டுப் பாத்துடலாமே. யாரோடதைப் போடட்டும்?”

“என்னோடதையே போடும்மா, பார்ப்போம்” என்றார் உபதலைவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு.

குமாஸ்தா அவர் தறிக்குப் போன பட்டும் சரிகையும் படித்தார். மஞ்சள் கைப்பிடி சுற்றியது. பிறகு வந்த புடவைகளின் எடையைப் படித்தார். அக்கா கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்றிக் கழித்துக்கொண்டே வந்தாள். கடைசிப் புடவையில் மெஷினுக்குள்ளிருந்து ஒரு மணி அடித்தது. டிங். கணீரென்று ஒரே ஒரு மணி.  மணிச் சத்தம் கேட்டுப் பழகின ஊர் அல்லவா, பின்வரிசையில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

“எதுக்கும்மா மணி அடிக்குது?” என்றார் தலைவர்.

“இருக்கறதைவிட அதிகமா கழிச்சா அடிக்கும்ணா. சங்கம் குடுத்த பட்டையும் சரிகையையும்விட, திரும்பி வந்த புடவைங்க எடை அதிகமா இருக்குது.”

அந்தக் கூட்டத்தில் இதற்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை. பாவுக்குப் போடுகிற கஞ்சி கனத்தால் புடவை கனக்கும் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பட்டில் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு, குறைகிற எடையைக் கஞ்சியில் சரிக்கட்டுவது பழைய தந்திரம். “அண்ணே, உங்க தறிக்கு மட்டும் அரிசி மலிவா கிடைக்குதா?” என்று யாரோ கேட்க, சிரிப்பில் கூரை அதிர்ந்தது. உபதலைவரும் நல்ல மனிதர்தான். முதலில் முறைத்தார், பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “கஞ்சி கொஞ்சம் தூக்கலா போச்சு” என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். அதற்கப்புறம் கலரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. “என் கணக்கைப் போடு”, “எனக்குப் போடு தாயி” என்று சாயங்காலம் வரை கைப்பிடி நிற்கவே இல்லை. அக்காவின் வேலைக்குக் கை தூக்கச் சொன்னபோது முதல் கை உபதலைவருடையது.

அதிலிருந்து, சங்கம் இருந்த ராஜ வீதியில் எனக்கு என் பெயர் போய்விட்டது. “மெஷின்காரம்மா தம்பி” என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் நடந்தேன். தாமல் மாப்பிள்ளை வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டார். அலையில்லாமல் நன்றாக இருக்கிறார். அக்கா தனக்குப் பிடித்தபோது, தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கூத்து வேஷ மெஷினை வருஷக் கணக்கில் ஓட்டினாள். பெயிண்ட் உரிந்து, அடியிலிருந்த கறுப்பு தெரிய ஆரம்பித்தபோது யாரும் கவனிக்கக்கூட இல்லை. முகூர்த்தப் பட்டு எடுக்க வந்தவர்கள் எடுத்துக்கொண்டுதான் போனார்கள். முப்பது வருஷம் ஆகப்போகிறது. இன்று அந்தச் சங்கத்துக் கணக்குப் பிரிவே அவள் கையில்தான் இருக்கிறது.

போன மாதம், சங்கத்தை விட்டு வந்து நான் வைத்திருக்கிற சின்னக் கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கினோம். மோர் மாதிரி வெளிறிய ஒரு நிறம். கறுப்புதான் இப்போது புதுசு, மாற்றிக்கொண்டு வரலாம் என்கிறான் மகன். கறுப்பு உள்ளே வந்தால் நான் கடைப் பக்கமே வரமாட்டேன் என்கிறாள் மனைவி. நான் நடுவில் புகுந்து, ஒரு உறை தைத்துப் போட்டுவிடலாம் என்று சமாதானம் சொல்லி, இழுப்பறையிலிருந்து இந்த மயில் கழுத்துத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அக்கா படியேறி வந்தாள். துண்டைப் பார்த்தாள். மூலையில் இன்னும் பிரிக்காமல் கிடந்த அட்டைப் பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“மெஷினுதான்டா வளர்ந்துக்கினு போவுது. நீ வளரவே இல்ல. முதல்ல பெட்டியைத் தொற.”