ஊசியால் பெரிதாக்கிய துளை

முதலில் காய்ச்சல் வரவில்லை. பால் குடித்தபின் மகளின் தொண்டையில் கொரகொரவென்று ஒரு சத்தம். சளி என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே சதை உள்ளே குழிந்தது. உதடு நீலமாக இருந்தது.

அப்போது அவளுக்கு ஐந்து மாதம். கல்யாணமாகிப் பதினாறு வருடம் கழித்து, என் நாற்பத்திரண்டாம் வயதில் பிறந்தவள். எனக்குத் தாய்ப்பால் சீக்கிரம் வற்றிவிட்டது. புட்டிப்பால்தான்.

பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்த நான், பிள்ளை பிறந்தபின் தைத்த பீஸ்களை வீட்டுக்கு வாங்கி வந்து நூல் பிசிறு வெட்டினேன். ஒரு பாட்டில் குடிக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆகும். சரக்கு அனுப்பும் ஷிப்மென்ட் நாள் நெருங்கும்போது அது பெரிய நேரம். பக்கத்து வீட்டில் இதே வேலை செய்யும் சரஸ்வதி பார்த்துச் சிரித்தாள்.

"ஏனுங்கக்கா, இப்படியே உக்காந்திருந்தா எப்பப் பீஸ் முடிப்பீங்க? மெசின் ஊசியச் சுட்டு நிப்பிள்ல ஒரு குத்துக் குத்துங்க. எம் பையனுக்கெல்லாம் அப்படித்தானுங்க. அஞ்சே நிமிசம்!"

என் கணவர் டெய்லர். ஊசியை அடுப்பில் காட்டி அவரே குத்திக் கொடுத்தார். பால் மளமளவென்று இறங்கியது. பிறகு மடியில் எடுப்பதையும் விட்டேன். படுத்திருப்பவளின் கன்னத்தோரம் பீஸ் கட்டு ஒன்றை வைத்து, அதன்மேல் பாட்டிலைச் சாய்த்துவிட்டுக் கத்தரியை எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடினோம். நிமோனியா (நுரையீரலில் கிருமி தொற்றி நீர் கோத்துக்கொள்வது) என்றார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள். மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயில் பால் போனது.

"பால் எப்படிங்க குடுத்தீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"மடியில வச்சுத்தானுங்க."

என்னைக் கூச்ச சுபாவம் என்பார்கள். அன்று சொன்ன பொய்க்கு அந்தப் பெயரை நான் வைக்க மாட்டேன். திட்டு விழும் என்று பயந்தேன், அவ்வளவுதான்.

நான்கு நாளில் தேறினாள். குழாயை எடுத்துவிட்டு, பால் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். இந்த முறை ஒழுங்காக மடியில் வைத்தேன். அது போதும் என்று நம்பினேன். பாட்டில் மட்டும் அதே பாட்டில். நாலு வாய்தான். புரையேறி, கண் செருகிவிட்டது.

அவளை மறுபடி ஐசியுவுக்குள் கொண்டுபோனபின், டாக்டரம்மா பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தார். பால் கம்பியாகத் தரையில் கொட்டியது.

"சொட்டுச் சொட்டா விழோணுமுங்க. இப்படிக் கொட்டுனா, முழுங்கறதுக்குள்ள மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். படுக்க வச்சும் குடுத்தீங்களா?"

தலையாட்டினேன்.

"மொத நாளே சொல்லியிருக்கலாமுல்லங்க," என்றார். அதற்குமேல் திட்டவில்லை.

மேலும் பதினோரு நாள் இருந்தோம். பார்க்க வந்த கணவரின் அக்கா, வராந்தாவில் எல்லார் காதிலும் விழச் சொன்னார்: "தவமிருந்து பெத்த புள்ளையப் பண்டல்ல சாத்தி வச்சுட்டுப் பீஸ் வெட்டப் போயிட்டாளாமா. கம்பெனிக்காரன் மெடல் குத்துவான் போ."

துளையைக் குத்திய கை அவருடைய தம்பியுடையது. அந்தத் தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இதைப் படிக்கிற நீங்களும் ஒரு கையில் வேலையும் ஒரு கையில் பாட்டிலுமாக இருப்பீர்கள். நிப்பிளில் கை வைக்காதீர்கள். தலையை உயர்த்திப் பிடித்து, கூடவே இருந்து கொடுங்கள். தவறு செய்துவிட்டால் டாக்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. குத்தச் சொல்லத்தான் ஆள் இருந்தது.

மகளுக்கு இப்போது பத்து மாதம். சளி பிடித்தால் இன்னும் நெஞ்சு விசிலடிக்கிறது. ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும், ஐம்பதைத் தொட்டால் ஓடி வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். சளி இல்லாத நாளிலும் எண்ணுகிறேன். அவள் நெஞ்சு ஏறி இறங்கும்வரை என் நெஞ்சு காத்து நிற்கிறது. ஒரு நிமிடத்துக்கு இவ்வளவு நீளம் இருப்பது முன்பு எனக்குத் தெரியாது.

முப்பத்தாறு, முப்பத்தேழு என்று போகும்போது என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிடுகிறாள். எண்ணிக்கை தப்பிவிடும். எனக்குக் கோபம் வருகிறது. "சிரிக்காதே கண்ணு" என்று சொல்லி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.