ஸ்டெல்லாவின் மொட்டை

திருப்பாதிரிப்புலியூரில் நித்யா மேரி நடத்தும் ஜெராக்ஸ் கடைக்கு மாமனார் பெயர். குடியிருக்கும் வீட்டுக்குக் கணவர் இன்னாசிராஜின் பெயர். அவளுடைய இனிஷியல்கூட முதலில் அப்பாவுடையது, பிறகு கணவருடையது. பக்கத்து வீட்டுக்காரியான நான் இந்தப் புலம்பலை நூறு தடவை கேட்டிருக்கிறேன்.

பூனை வளர்ப்போர் சங்கத்தில் மட்டும் வேறு கதை. பதிவு செய்த பூனை குட்டி போட்டால், ஒவ்வொரு குட்டியின் பெயருக்கு முன்னாலும் வளர்ப்பவர் கேட்டு வாங்கிய பெயர் வரும். இவள் ‘நித்யா’ என்றே கேட்டிருந்தாள். குட்டிகளின் குட்டிகளுக்கும் அந்தப் பெயர் வம்சாவளியில் நிற்குமாம்.

அவளுடைய பெர்சியன் பூனை ஸ்டெல்லாவுக்கு வம்சாவளிச் சான்று கிடையாது. அப்படிப்பட்டதைச் சங்கத்தின் நடுவர் நேரில் பார்த்து, பெர்சியன்தான் என்று ஒப்புக்கொண்டால் பதிவாகிவிடும். சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வரச்சொல்லியிருந்தார்கள்.

அதற்குள் தங்கையின் பிரசவத்துக்காக நித்யா காட்டுமன்னார்கோயில் போனாள். திரும்பி வந்து பார்த்தால், பொசுபொசுவென்றிருந்த பூனை மொட்டை. அதற்கு ஒரு துணிச் சட்டை வேறு.

“ஒடம்புக்கு முடியாமப் போயிடுச்சி. பொழச்சா இதுக்கு மொட்ட போடுறேன்னு வேளாங்கண்ணி மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன்,” என்றார் இன்னாசிராஜ். “குளிருமேன்னுதான் சட்ட. கழட்டாத.”

மனுஷன் தன் தலையை அல்லவா கொடுத்திருக்க வேண்டும்? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மாதா பெயரைச் சொல்லிவிட்டதால் நித்யா வாயை மூடிக்கொண்டாள். சங்கத்துக்குப் போன் செய்தாள். முகத்தையும் எலும்பையும் பார்த்தே ஓரளவு சொல்லலாம், கொண்டு வாருங்கள் என்றார்கள். அடுத்த வருஷம் பார்க்கலாமே என்று இன்னாசிராஜ் இழுத்தார். அவள் கேட்கவில்லை. அவரும் கூடவே கிளம்பினார், துணைக்கு நானும் போனேன்.

நடுவர் அம்மாள் பூனையின் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு சட்டையைக் கழற்றிப் புரட்டினார். வயிற்றில் நீளமாகத் தையல் தழும்பு.

“கர்ப்பப்பைய எடுத்துட்டீங்களே. அப்புறம் எதுக்கும்மா குட்டிங்களுக்குப் பேர் கேட்டிருக்கீங்க?”

நித்யா கணவரைப் பார்த்தாள்.

“உள்ள சீழ் புடிச்சிடுச்சி மேரி. எடுக்கலன்னா பொழைக்காதுன்னாரு டாக்டரு. ஆபரேஷனுக்கு வயித்துல செரச்சிட்டாங்க. அது ஒனக்குத் தெரியக் கூடாதுன்னு ஒடம்பு பூரா மொட்ட அடிச்சிட்டு, மாதா மேல பழியப் போட்டேன்.”

“ஒரு போன் போட்டிருக்கலாமே மாமா.”

“போட்டிருந்தா எடுக்காதீங்க, மருந்துலயே பாப்போம்னு சொல்லியிருப்ப. இது செத்திருக்கும்.”

அவள் சீறப்போகிறாள் என்று நினைத்தேன். பூனைக்கு மீன் முள்ளை நீக்கிக் கொடுக்காமல் தான் சாப்பிட உட்காராதவள் அவள். ஸ்டெல்லா மேசையில் நகர்ந்து வந்து அவள் கையில் தலையை முட்டியது. அவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

“சொல்லியிருப்பேன்,” என்றாள்.