பழக்கிய கை

அப்பா வெளியூர் வேலைக்குக் கிளம்பிய அன்றுதான் அது நடந்தது. பேருந்து நிலையத்தில் அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு ஒன்பது வயது. நான் அம்மாவின் இடுப்பில். அப்பாவை அனுப்ப மனமில்லாமல் அழிச்சாட்டியம் பண்ணுகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். "நடிச்சது போதும், எந்திரி" என்று சொல்லிவிட்டு அப்பா ஏறிவிட்டார். பேருந்து வெளியே திரும்பும்போது அண்ணன் வாந்தியெடுத்து, கண் சொருகிக் கிடந்தான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. உயிர் தங்கியது, வலது கை பாதிதான் தங்கியது.

வளர்ந்து, ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டினான். அதற்கு இடது கை போதும். "தினமும் மேல போயிட்டு உயிரோட கீழ வர்றவன் நான் ஒருத்தன்தான்" என்பான்.

அவனைப் பிழைக்கவைத்த மருத்துவமனையில் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். சிறு வயதில் மூளையில் ரத்தம் கசிந்தவர்களின் கை வயதாக ஆக என்ன ஆகிறது, எப்படி அறுவை செய்தால் கையைக் காப்பாற்றலாம் என்று பார்க்க. அண்ணன் முதல் ஆளாகப் போய் நின்றான். ஸ்கேன் இயந்திரத்துக்குள் அசையாமல் படுப்பான். பிறகு ஒரு பலகையின் துளைகளில் வலது கையால் குச்சிகளைச் செருகவேண்டும். நர்ஸ் நேரம் பார்ப்பார். "அடுத்த பிள்ளைக்காவது கை மிஞ்சணும். இல்லேன்னா நான் பொழைச்சு என்னத்துக்கு?"

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது, அவன் அறையில் அதேபோல் ஒரு பலகை இருந்தது. தச்சரிடம் சொல்லிச் செய்தது.

"என்னண்ணா, இந்த வயசுல விளையாட்டா?"

"பரீட்சைக்குப் படிக்கிறேன். பள்ளிக்கூடத்துலதான் கோட்டை விட்டாச்சு."

"வீட்டுல பழகலாம்னு அவங்க சொன்னாங்களா?"

"எதுக்குச் சொல்லணும்? நாம மோசமா செஞ்சா டாக்டர் உழைப்பு வீணாயிடாதா? தடவைக்குத் தடவை வேகம் கூடுதுன்னு நர்ஸம்மாவுக்கே ஆச்சரியம்."

அவர்கள் பார்க்க நினைத்தது பழக்காத கையை. அதைச் சொன்னேன். அடுத்த முறை போனபோது பலகையைக் கையோடு கொண்டுபோய் நர்ஸிடம் காட்டினான். "நல்லதுக்குத்தானே செஞ்சீங்க" என்றாராம். முகம் மட்டும் சரியில்லையாம்.

அதன்பிறகு அவர்கள் கூப்பிடவில்லை. அவனும் பலகையைத் தொடவில்லை. விரல்கள் மெல்ல மடங்கி இறுகின. சட்டைப் பொத்தானைக்கூட அம்மாதான் போட்டுவிட்டாள்.

"இப்ப வந்து பார்க்கச் சொல்லு" என்றான் ஒருநாள். "இதுதானே அவங்க கேட்ட கை."

ஆராய்ச்சி முடிந்து வெகுகாலம் கழித்து அவன் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவன் கண்ணுக்கு எழுத்து இரண்டிரண்டாகத்தான் தெரியும் என்பதால் நான்தான் வாசித்தேன்: "தங்கள் அளவீடுகளை முடிவுகளில் சேர்க்க இயலவில்லை. ஒத்துழைப்புக்கு நன்றி."