நாலாவது வார்த்தை

எங்கள் சபையில் பாதிப் பேருக்கு இரண்டு பெயர். ஒன்று வீட்டில் வைத்தது, மற்றது ஞானஸ்நானத்தில் வைத்தது. மூப்பர் வெங்கிடாசலத்துக்கு ஞானஸ்நானப் பெயர் தானியேல். அவர் வேலை செய்யும் கார்ப்பரேஷன் ஆபீசில் அந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் ஆள் அகப்படமாட்டார். ஆவுடையம்மாள் மட்டும் ஒரே பெயரோடு இருந்தாள். "எந்தப் பேரச் சொன்னாலும் நாந்தான்னு கர்த்தருக்குத் தெரியாதாக்கா?" என்று என்னைக் கேட்டாள். பாஸ்டரும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

கொச்சி மட்டாஞ்சேரியில், பஜார் தெருவில் ஒரு பழைய கிடங்கின் மாடிதான் எங்கள் ஆலயம். கீழே சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும், மேலே நாங்கள் பாடுவோம். சாப்பாட்டு வேலை என் பொறுப்பு. சரோஜம்மா கஞ்சி வைத்தால் உப்பு சரியாக இருக்கும் என்று ஒரு பெயர் எனக்கு உண்டு. நேற்றுப் பிழைக்க வந்தவர்களும் மூன்று தலைமுறையாக இங்கேயே கிடப்பவர்களும் சேர்ந்து நடத்தும் தமிழ்ச் சபை என்பதால் வழக்கங்களும் கலப்படம்தான். பெரிய வெள்ளியன்று, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றி ஏழு பேர் பேசுவது பழைய சபைகளிலிருந்து வந்தது. ஞாயிறுதோறும் எழுந்து நின்று தேவன் செய்த நன்மையைச் சாட்சி சொல்வதும், கேட்டது கிடைக்கும் முன்பே கிடைத்துவிட்டதாக நன்றி சொல்வதும் எழுப்புதல் கூட்டங்களிலிருந்து வந்தவை. இந்தக் கடைசி வழக்கம்தான் ஆவுடையைச் சாய்த்தது. எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

ஆவுடைக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்தவள். சுமை தூக்கும் வேலை செய்த புருஷன் ராமர், மகள் நடை பழகும் முன்பே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அவள் சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போய்ப் பெண்ணை வளர்த்தாள். மகள் பாண்டிச்செல்வி மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் எழுத்து அவளுக்கு ஓடாது. மலையாள வேதத்தை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே போவாள். எழுதப் படிக்கத் தெரியாத ஆவுடை அதைக் கேட்டபடி கப்பைக் கிழங்குக்குத் தோலுரிப்பாள். நடுநடுவே "அப்புறம்?" என்று கேட்பாள். அந்த வீட்டுக்கு மூன்றாவது ஆள் தேவைப்படவே இல்லை.

எர்ணாகுளத்துத் துணிக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த மறுவருஷம் பாண்டிச்செல்விக்கு முகம் வீங்கியது. சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன என்றார்கள். டயாலிசிஸுக்குத் தாயும் மகளும் படகில் போய்ப் போய் வந்தார்கள். என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆவுடை டாக்டரிடம் மன்றாடிப் பார்த்தாள். அவளுக்குச் சர்க்கரை இருப்பதால் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். சபை முழுவதும் உபவாசம் இருந்தது. பசி பொறுக்காத நானும் இருந்தேன்.

அப்போதுதான் வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். ஆவுடையை முன்னால் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தார்.

"மகளுக்குச் சுகமாயிட்டுதுன்னு சொல்லுங்கம்மா. விசுவாசத்தோட சொன்னா நடக்கும். சந்தேகப்பட்டா நின்னுபோயிரும்."

ஆவுடை தயங்கினாள். மகள் முதல் வரிசையில் வீங்கிய காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். சந்தேகப்பட்டால் நின்றுபோகும் என்று சொன்ன பிறகு எந்தத் தாய்தான் வாயை மூடிக்கொண்டு நிற்பாள்? "எம் மோளுக்குச் சொகமாயிட்டு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றாள். கூரை அதிரக் கை தட்டினார்கள்.

மாதம் திரும்புவதற்குள் பாண்டிச்செல்வி இறந்துபோனாள்.

அடக்கத்தன்று பிரசங்கியார் போனில் கூப்பிட்டு, சுகமாயிற்று என்று சொன்ன அறிக்கையை விட்டுவிடாதீர்கள் என்று சொன்னாராம். ஆவுடை விறைத்துப்போய் வாசலில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் "ஸ்தோத்திரம்" சொன்னாள். சவப்பெட்டியை மூடும்போதும் அதையேதான் சொன்னாள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் கொண்டுவந்தார்கள். நல்ல பூவைத் தேவன் பறித்துக்கொண்டார் என்றார் ஒருவர். சோதனை என்றார் இன்னொருவர். எங்கள் சபையைச் சேர்ந்த பாக்கியலக்ஷ்மி படியிறங்கும்போது, "வாயாலதான் சொன்னா, மனசுல விசுவாசம் இருந்திருக்காது" என்று பக்கத்தில் வந்தவளிடம் சொன்னது என் காதிலேயே விழுந்தது. காரணம் சொல்ல எல்லாருக்கும் வாய் இருந்தது.

அதற்குப் பிறகு ஆவுடை படிக்கட்டை ஒட்டிய கடைசி நாற்காலிக்கு மாறினாள். சாயா கொடுக்கும் முன் இறங்கிப் போய்விடுவாள். சாட்சி நேரத்தில் மட்டும் எழுந்திருக்கப் பார்ப்பாள். அவள் எழுவதற்கும் மூப்பர் பாட்டெடுப்பதற்கும் சரியாக இருக்கும். ஒரு நாள் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் புள்ள என்னதான் சொல்லுதுன்னு கேட்டா என்ன, மூப்பரே?"

"தோத்த சாட்சி சொல்லக்கூடாது, சகோதரி. புதுசா வந்த பிள்ளேங்க விசுவாசம் தளர்ந்துபோகும்" என்றார்.

கெட்ட மனிதர் அல்ல. பாண்டிச்செல்வியின் பெட்டியை முன்னால் நின்று தூக்கியவர் அவர்தான். அதனால் அவரைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

ஆவுடையின் வீட்டுக்குப் போனேன். அலமாரியில் மலையாள வேதம் வாசிக்க ஆளில்லாமல் கிடந்தது. அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"நான் சொன்னது பொய்யாப் போச்சுக்கா. சொன்ன எடத்துலயே நின்னு அதத் திருப்பி எடுக்கணும். இல்லேன்னா எனக்கு ஜெபம் பண்ண வரமாட்டேங்கு. வாயத் தொறந்தா அந்தப் பொய்தான் முன்னால வந்து நிக்கு."

அவளுக்கு வீட்டில் பேச்சுத்துணை இல்லை, ஆலயத்தில் பேச விடவில்லை, மிச்சமிருந்த ஒருவரிடம் பேச வாய் வரவில்லை. இப்படியும் ஒரு தனிமை உண்டா என்று நினைத்தபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இந்த வருஷம் பெரிய வெள்ளிக்கு முந்தின ஞாயிறு, பாஸ்டர் ஏழு வார்த்தைகளையும் பங்கிட்டார். மன்னிப்பைப் பற்றிய முதல் வார்த்தைக்கு எப்போதும் போட்டி. நாலாவதை எவரும் தொடமாட்டார்கள். ஏன் என்னைக் கைவிட்டீர் என்று இயேசு பிதாவைக் கேட்ட வார்த்தை அது. போன வருஷம் அது பாஸ்டர் தலையிலேயே விழுந்தது. அவசர அவசரமாக முடித்துவிட்டு உட்கார்ந்தார்.

"நாலாவது யாரு?" என்றார். எல்லாரும் குனிந்துகொண்டார்கள்.

கடைசி நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "எனக்குத் தாங்கய்யா."

மூப்பர் தொண்டையைச் செருமினார். பாட்டு வருவதற்குள் பாஸ்டர் சரி என்று தலையாட்டிவிட்டார்.

பெரிய வெள்ளியன்று கஞ்சிப் பானையையும் பயற்றையும் இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். மூன்றாவது வார்த்தை முடிந்திருந்தது. ஆவுடை முன்னால் போய் நின்றாள். மைக்கை வாங்கவில்லை.

"எனக்குப் பிரசங்கம் வராது. ஏன் என்னக் கைவிட்டீருன்னு அவரு சிலுவையில தொங்கும்போது சத்தம் போட்டுக் கேட்டாருன்னு எம் மோளு வாசிச்சுச் சொன்னா. அப்புறம்னு கேட்டேன். பதிலு எழுதலம்மான்னா."

மகள் அன்று உட்கார்ந்திருந்த முதல் வரிசையைப் பார்த்துத் தொடர்ந்தாள்.

"அவரு கேட்டதுக்கே பதிலு வரல. ஆனா கேட்டது விசுவாசக் கொறச்சல்னு நாம அவரச் சொல்லலல்லா. நல்லாயிட்டுன்னு அவரு சொல்லல. வலியச் சொன்னாரு. நான் இதே எடத்துல நின்னு எம் மோளுக்குச் சொகமாயிட்டுன்னு சொன்னேன். சொகமாவல. அவ செத்துப்போனா. ஏன்னு எனக்குத் தெரியல. இந்தக் கேள்வியோட நான் ஒத்தையில கெடக்கேன்னு நெனச்சேன். அவரும் இங்கதான் தொங்குதாரு. அவ்வளவுதான்."

ஆமென் எழவில்லை. மூப்பர் பாட்டெடுக்க வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். பாஸ்டர் தணிந்த குரலில் ஐந்தாவது வார்த்தைக்குரியவரைக் கூப்பிட்டார். ஆவுடை தன் நாற்காலிக்குப் போகாமல் படியிறங்கினாள்.

நான் பின்னாலேயே போனேன். கிடங்குகள் அடைத்துக் கிடந்தன, வெயில் தெருவைப் பொசுக்கியது. அவள் திரும்பிப் பார்க்காமல் படகுத்துறை வரை நடந்தாள். கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றவள் என்னைக் கண்டதும், முதன்முதலாகச் சேதி சொல்பவளைப் போலச் சொன்னாள்.

"சரோஜாக்கா, எம் மோளு செத்துட்டாக்கா."

பாண்டிச்செல்வி போய் ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. சொல்லி முடித்ததும் ஆவுடை நெஞ்சில் அடித்துக்கொண்டு, "எம் மோளே, எம் மோளே" என்று தண்ணீரைப் பார்த்துக் கதறினாள். டிக்கெட் ஜன்னலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். இழவு வீட்டுக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தவளைப் போல அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன்.