முதல் வருடக் கணக்குத் தேர்வு

பாறசாலைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் கணக்கு வாத்தியார். முதல் வருடக் கணக்கில் தோற்றவர்களுக்கான மறுதேர்வுக்குப் பழைய மாணவர் ஒருவர் வருடந்தோறும் தவறாமல் வருவார். காதோரம் நரைத்துவிட்டது. கேள்விகளை மட்டும் மணிமணியான எழுத்தில் பார்த்து எழுதுவார். விடை ஒன்றும் இருக்காது. ஆனாலும் கடைசி மணி அடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார்.

சென்ற முறை வந்தது அவருக்குக் கடைசி வாய்ப்பு. அரை மணி நேரத்திலேயே பேனாவை மூடிவிட்டார். அருகே குனிந்து, "எழுத ஒண்ணும் இல்லேன்னா போலாமே" என்றேன்.

"போவ முடியாது சாறே. அப்பன் வெளிய நிக்காரு. அவராக்கும் என்னைய ஸ்கூட்டர்ல கொண்டு விட்டது. மணி அடிக்க முன்னே நேரத்தே இறங்கினா, நான் ஒண்ணும் எழுதல்லேன்னு அவருக்கு மனசிலாவும்."

தேர்வு முடிந்து நான் முதலில் வெளியே வந்தேன். வாசல் வெயிலில் நின்ற பெரியவர் கேட்டார்: "சாறே, பயலு எழுதினானா?"

"முழு நேரமும் இருந்து எழுதினார்" என்றேன்.

"அவனுக்கு அந்தக் கணக்கு வராது சாறே, எனக்கு அறியும். நான் வரல்லேன்னா அவன் ஒடைஞ்சு போவான். அதுக்காக்கும் வாறேன்."

மகன் வந்தார். இருவரும் ஸ்கூட்டரில் ஏறிப் போனார்கள். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.